பட்டியலில் இல்லாத தோல்

குளிர்பெட்டியில், அதன் கதவில் ஒட்டியுள்ள பட்டியலில் கண்ட பொருட்களைத் தவிர வேறெதையும் வைக்கலாகாது. வேறு பொருளை வைக்க அவசியம் நேர்ந்தால் தலைமை அலுவலகத்துக்கு முறையான வழியில் எழுதி அனுமதி கேட்க வேண்டும். அவ்வாறு கேட்ட பின், பதில் வரும்வரை அந்தப் பொருளை யாரும் அகற்றலாகாது.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் நிர்வாக விதிகளில் இதுவும் ஒன்று. முதல் இரண்டு வாக்கியங்கள் ஒரு பக்கத்தின் அடியிலும், மூன்றாவது வாக்கியம் அடுத்த பக்கத்தின் தலையிலும் அச்சாகியிருந்தன. அந்தப் பக்கத் திருப்பத்தில் ஒரு பெண்ணின் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரி இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். மெட்ராஸில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு தர்ம ஸ்தாபனம் அதை நடத்தியது. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. அதை நல்லபடியாக நடத்துகிறார்கள் என்று கேள்வி. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே ஆபரேஷன் தியேட்டருக்குப் பொறுப்பான சிஸ்டர். காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறி, சாயங்காலம் அதே பஸ்ஸில் அதே கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டு திரும்புவேன். நாலு வருஷம் நர்சிங் படித்தவள் என்பதால் உடம்பைப் பற்றிய விதிகள் தெரியும். அங்கே சேர்ந்த பிறகு காகிதத்தைப் பற்றிய விதிகளையும் படித்தேன். இரண்டாவதை முழுசாகப் படித்தவள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான்.

விரல்கள் போனவள் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு யூனிட்டில் ரோல் சுற்றுகிறவள். கல்யாணமாகி ஒரு குழந்தை. துணி எடுக்க வெளுக்கும் பகுதிக்குப் போனபோது, துணியை வேகவைக்கும் கொதிகலனின் குழாய் மூட்டு விட்டுப்போய், கொதிக்கிற சோடாக் காரத் தண்ணீர் வலது புறங்கையில் கொட்டிவிட்டது. முதலாளியே காரில் கொண்டுவந்து சேர்த்தார். வீட்டில் வெந்நீர் கொட்டிவிட்டதாக எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். வீட்டில் வெந்நீர் கொட்டியது.

வெந்த தோல் உரிந்து, அடியில் சிவப்பாகச் சதை எழும்புகிறவரை வாரக்கணக்கில் கட்டு மாற்றினோம். மதுரையிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை வரும் சர்ஜன், ஒரு தடவை கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பெட் ரெடி. அடுத்த தடவை தோல் வைச்சிருவோம்" என்றார். பெட் என்றது கட்டிலை அல்ல, தோலை ஏற்கத் தயாரான புண்ணை. அவர் அவ்வளவுதான் பேசுவார். மிச்சத்தை நான் பேச வேண்டும்.

"தொடையில இருந்து மெல்லிசா தோல் எடுத்துக் கையில வைப்போம். வைக்காட்டி புண்ணு தானா ஆறும், ஆனா ஆறும்போது சுருங்கி இழுக்கும். விரல் மடங்காது" என்றேன்.

அவளுக்குத் துணையாக வந்து தங்கியிருந்தவள் அவள் மதினி, அண்ணன் பெண்டாட்டி. வார்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது அவள் இருக்கும் பக்கம் என்று அர்த்தம்.

"ஏட்டி, தொடைத் தோலு கையில வந்துட்டா, பொறவு ஒம் புருசன் கையப் பிடிச்சாலும் ஆத்திரத்துல பளார்னு வைப்பியே, எங்க பிடிக்கான்னு!" என்றாள் மதினி.

"சும்மா கெடங்க மதினி. சிஸ்டர் நிக்காக."

"சிஸ்டருக்குத் தெரியாததா? அவுக எம்புட்டுத் தொடை பாத்திருப்பாக."

அவள் சிரிக்கவில்லை. "விரல் மடங்குமா சிஸ்டர்? அது மட்டும் சொல்லுங்க. மடங்குனாத்தான் ரோல் இறுகும். லூசா சுத்துனா வீசி எறிஞ்சிருவாக" என்றாள்.

மடங்கும் என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கு எல்லா நியாயமும் இருந்தது.

தோல் ஒட்டுவது என்றதும் ஜனங்கள் சர்ஜனின் கத்தியைத்தான் நினைக்கிறார்கள். வேலையில் முக்கால் பங்கு கத்திக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. முதல் நாளே தொடையைச் சிரைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் சுற்றி வைக்க வேண்டும். வாஸ்லின் துணி கடையில் வாங்கினால் விலை. ஆகவே நாங்களே செய்வோம். வலைத்துணியைச் சதுரமாக வெட்டி, தகர டப்பாவில் அடுக்கி, நடுநடுவே வாஸ்லின் வைத்து, சூட்டு அடுப்பில் ஏற்றி இறக்கினால், உருகிய வாஸ்லின் ஒவ்வொரு கண்ணியிலும் இறங்கியிருக்கும். கண்ணிகள் அடைபடவும் கூடாது. அடைபட்டால் புண்ணில் ஊறும் நீர் வெளியே வராது. அந்த வலைத்துணி ராஜபாளையத்தில் நெய்து, மெட்ராஸ் போய், தலைமை அலுவலகத்தின் முத்திரை வாங்கிக்கொண்டு, திரும்ப எங்களிடம் வரும். என்னைவிட அதிகம் ஊர் சுற்றிய துணி.

சனிக்கிழமை அவளுக்கு மயக்கம் கொடுத்து, தொடையில் எண்ணெய் தடவினோம். நான் ஒரு மரப்பலகையால் தோலை இழுத்துப் பிடித்தேன். சர்ஜன் கத்தியின் இடைவெளியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துத் திருகி வைத்துக்கொண்டார். பிறகு ரம்பம் போல முன்னும் பின்னும், அவசரமில்லாமல். கத்திக்குப் பின்னால் தோல் மடிப்பு மடிப்பாக எழுந்து வந்தது. பால் ஆறியதும் மேலே படியும் ஏட்டை விரலால் தூக்கினால் எப்படியிருக்குமோ அப்படி. அடியில் வைத்த விரல் தெரியும்.

இனி என் வேலை. எடுத்த தோல் உடனே சுருளும். சுருளும்போது உட்புறம் நோக்கித்தான் சுருளும், உட்புறம் பளபளக்கும். மேல்புறம் வாஸ்லின் துணியில் படும்படி, பளபளப்பு மேலே தெரியும்படி, இரண்டு இடுக்கிகளின் முதுகால் நீவி நீவி விரிக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் செத்துவிடும். பிறகு கத்தி முனையால் சிறுசிறு கீறல்கள் போட வேண்டும், அடியில் ஊறும் நீர் வெளியேற. இதையெல்லாம் செய்து துணியோடு தூக்கிக் கொடுத்தால், சர்ஜன் அதைப் புறங்கையில் கவிழ்த்துப் படியவைத்து, விரல்களை மடக்கி அட்டை வைத்துக் கட்டிவிட்டு, டீ கேட்பார்.

அன்றைக்குத் தோல் கொஞ்சம் மிஞ்சியது. மிஞ்சும்படிதான் எடுப்பார்கள். ஒட்டிய தோல் எல்லா இடத்திலும் பிடிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பிடிக்காத இடத்தில் மிச்சத் தோலை, நோயாளி படுக்கையில் இருக்கும்போதே வைத்துவிடலாம். மறுபடி மயக்கம் வேண்டாம், மறுபடி கத்தி வேண்டாம், வலிகூட இல்லை. உட்புறத்தோடு உட்புறம் சேர மடித்து, உப்புத் தண்ணீரில் நனைத்த வலைத்துணியில் சுற்றி, கொதிக்கவைத்த வாய் அகன்ற பாட்டிலில் போட்டு, குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் உயிரோடு இருக்கும். பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி, கட்டில் நம்பரையும் தேதியையும் எழுதி, அடியில் "மனிதத் தோல். எடுக்கக் கூடாது" என்று தமிழிலேயே எழுதினேன். இங்கிலீஷில் எழுதியிருந்தால் அவர் படிக்காமல் விட்டிருப்பாரோ என்று இன்றைக்கு வரை ஒரு சந்தேகம்.

அவர் என்றால் மேனேஜர். பக்கத்தில் வ. புதுப்பட்டி என்ற ஊர்க்காரர், விவசாயக் குடும்பம், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நேர்மையானவர். ஆஸ்பத்திரிப் பஞ்சை ஒரு பொட்டுக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். காலையில் வார்டைச் சுற்றி வரும்போது கட்டில் கால்கள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பார். கட்டிலின் மேலே இருப்பவர்களைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்வார்.

கதவுப் பட்டியலில் தோல் இல்லை. தடுப்பூசி மருந்து, இன்சுலின், இன்ன சில என்று இருந்தது. விதி தெரிந்தவள் ஆகையால் அன்றைக்கே கடிதம் எழுதினேன்: இன்ன நோயாளியின் சொந்தத் தோல், ஒரு பாட்டில், இன்ன காரணத்துக்காக வைக்கப்பட்டுள்ளது, அனுமதி வேண்டும். முறையான வழி என்றால் மேனேஜர் வழி. அவர் படித்துப் பார்த்து, "பரிந்துரைக்கப்படுகிறது" என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தபாலில் சேர்த்தார். அந்தப் பச்சை மையை நான் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கட்டைப் பிரித்தேன். பெரும்பகுதி இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் புறங்கையோடு சேரும் முட்டிகளின் மேல் மட்டும் அடியில் நீர் கோர்த்து, தோல் வெளுத்து மிதந்தது. மதுரைக்குப் போன் போட்டேன். "எடுத்துடுங்க. கழுவிட்டு மூணு நாலு நாள் கட்டு மாத்துங்க. திங்கக்கிழமை ஸ்டாக் தோலை வைச்சிடுங்க" என்றார் சர்ஜன். இதற்காகத்தானே வைத்திருக்கிறோம்.

"ரெண்டு முட்டியில பிடிக்கல. ஆனா ஒன் தோலு பெட்டியில பத்திரமா இருக்கு. திங்கக்கிழமை வச்சிருவேன்" என்று அவளிடம் சொன்னேன்.

"மறுபடி தொடையா சிஸ்டர்?" என்று அவள் பதறினாள். தோல் எடுத்த தொடைதான் அவளுக்குக் கையைவிட அதிகம் எரிந்தது. எல்லாருக்கும் அப்படித்தான்.

"தொடையத் தொட மாட்டேன்."

"பெட்டியில தோலு வச்சிருக்கவ ஊர்லயே நீ ஒருத்திதான்டி" என்றாள் மதினி. "எனக்கெல்லாம் பெட்டியில ஒரு பட்டுச்சேலை கூட கெடையாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு நாள். குற்றாலத்தில் சீசன். தலைமை அலுவலகத்துப் பெரியவர்கள் எங்கள் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வேண்டும் என்ற அக்கறை ஒவ்வொரு வருஷமும் குற்றாலத்தில் தண்ணீர் விழும்போதுதான் அவர்களுக்கு வரும். குடும்பத்தோடு வருவார்கள், அரை மணி நேரம் அக்கறைப்பட்டுவிட்டு அருவிக்குப் போவார்கள். அந்த வருஷம் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை கை கழுவி, அவளைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, கட்டைப் பிரித்துப் புண்ணைத் துடைத்துவிட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தேன். தட்டு நிறையக் கலர் பாட்டில்கள் இருந்தன. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை. விருந்தாளிகள் குடித்தது போக மிச்சம். என் பாட்டில் இல்லை.

மேனேஜர் வரவேற்பறையில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"சார், ஃப்ரிட்ஜுல ஒரு பாட்டில் வச்சிருந்தேனே?"

"எடுத்துட்டேன் சிஸ்டர். லிஸ்டுல இல்ல."

"மனிதத் தோல்னு எழுதியிருந்தேனே. வாசிக்கலையா?"

"வாசிச்சேன். அதுக்காண்டிதான் எடுத்தேன். மெட்ராஸ்காரவுக பொம்பள பிள்ளைகளோட வந்திருக்காக. கதவத் தொறந்து மனுசத் தோலுன்னு வாசிச்சா அங்கனக்குள்ளயே மயங்கி விழுந்துருவாக."

"கலர் பாட்டில் லிஸ்டுல இருக்கா சார்?"

"அது விசிட்டருக்கு" என்றார், நான் அறிவில்லாமல் கேட்டதுபோல.

கடிதத்தைச் சொன்னேன். அவரே பச்சை மையில் பரிந்துரைத்ததைச் சொன்னேன். மூன்றாவது வாக்கியத்தை மனப்பாடமாகச் சொன்னேன். அவர் குளிர்பெட்டி வரை என்னோடு நடந்து வந்து, கதவில் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த விதித் தாளைக் காட்டினார். முதல் பக்கம். "பதில் வரும்வரைன்னு இதுல எங்க இருக்கு?"

"அடுத்த பக்கத்துல இருக்கு சார்."

"அடுத்த பக்கத்த நாம ஒட்டலையே" என்றார்.

பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "குப்பையில போட்டுட்டேன்னு நெனைக்காதீக சிஸ்டர். மனுச உடம்பு. எனக்குத் தெரியாதா? வேப்பமரத்தடியில குழி வெட்டச் சொல்லி, துணியோட வச்சு மூடச் சொன்னேன். மூடுறவரைக்கும் நின்னேன். மரியாதையாத்தான் செஞ்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. ஆயா பிறகு சொன்னாள்: "அட்டென்ஷன்ல நின்னாரு சிஸ்டர்." ஒரு முட்டாளைத் திட்டலாம், ஒரு திருடனைத் திட்டலாம். உயிரோடு இருந்த தோலுக்கு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்த மனிதரை எந்த வார்த்தையால் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு படித்தும்.

கட்டில் ஓரத்தில் அவள் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னேன். வேறு யார் சொல்வார்கள்?

"பொதைச்சுட்டாகளா?" என்றாள் அவள்.

மதினி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அப்பொ பாதிக் காரியம் முடிஞ்சுது. ஏட்டி, பதினாறாம் நாளுக்கு யாருக்கெல்லாம் சொல்லிவிடணும்?" என்றாள். வார்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொன்ன மாதிரி இல்லை.

அடுத்த முறை வந்த சர்ஜன் விஷயத்தைக் கேட்டு உதட்டைச் சுழித்தார். "இன்னொரு ஸ்ட்ரிப் எடுத்துக்கலாம். சின்னதுதான். ஒரு பத்து நிமிஷம்" என்றார். அவருக்குப் பத்து நிமிஷம்.

"வேண்டாம்" என்றாள் அவள்.

நான் தனியாக உட்கார்ந்து பேசினேன். சுருங்கும், இழுக்கும், மடங்காது என்று முதலில் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"என் தோலு சிஸ்டர். ஒரு தடவ கேட்டீக, குடுத்தேன். வச்சிருக்கத் தெரியாம மண்ணுல பொதைச்சுட்டு, மறுபடி குடுன்னு கேக்கீக. இப்ப நான் குடுத்துட்டு ராத்திரியெல்லாம் தொடையப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கணும். அடுத்தாப்புல யாரு வருவாகளோ, எங்க பொதைப்பாகளோ. போதும். நான் வீட்டுக்குப் போறேன்."

அவள் சொன்னதில் நான் திருத்துவதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை. மருத்துவப்படி அவள் எடுத்தது தவறான முடிவு. அது எனக்குத் தெரிந்தது. அதனால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. கைநாட்டு வாங்க வேண்டிய தாளில் கைநாட்டு வாங்கினேன். "மருத்துவ ஆலோசனைக்கு மாறாக" என்று அச்சிட்ட தாள் அது. ஆலோசனைக்கு மாறாக நிர்வாகம் நடந்துகொண்டால் எழுத எங்களிடம் தாள் கிடையாது.

முட்டிப் புண்கள் தாமாக ஆறின. நான் சொன்னபடியே சுருங்கி இழுத்தன. நான் சொன்னவற்றில் சரியாக நடந்தது அது ஒன்றுதான். மோதிர விரலும் சுண்டு விரலும் வணங்காமல் விறைத்து நின்றன. யூனிட்டில் ரோல் சுற்றும் இடத்தில் அவளை வைத்துக்கொள்ளவில்லை. வெட்டின துணியில் பிசிறு பொறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அதற்குக் கூலி ஏறக்குறைய பாதி. முதலாளி நல்லவர், வேலையை விட்டு நிறுத்தவில்லை என்று ஊரில் சொன்னார்கள்.

நான் தலைமை அலுவலகத்துக்கு நினைவூட்டுக் கடிதங்கள் எழுதினேன். தோல் இல்லாமல் போன பிறகும் எழுதினேன். அடுத்தவளுக்காவது அனுமதி இருக்க வேண்டுமே. மேனேஜர் ஒவ்வொன்றிலும் பச்சை மையில் பரிந்துரைத்தார். கதவில் அடுத்த பக்கத்தையும் ஒட்டச் சொன்னேன். அடுத்த பக்கத்தை ஒட்டலாமா என்று அவர் மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டார். இதற்கிடையில் எங்களிடம் தோல் வைக்க வந்தவர்களுக்கு மிச்சம் எடுக்க வேண்டாம் என்று சர்ஜனே சொல்லிவிட்டார். பிடித்தால் பிடித்தது, பிடிக்காவிட்டால் மறுபடி தொடை. சிலர் கொடுத்தார்கள். சிலர் வீட்டுக்குப் போனார்கள்.

வருஷங்கள் கழித்து ஒரு நாள் தபாலைப் பிரித்த மேனேஜர், வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தியேட்டர் வாசல்வரை வேகமாக வந்தார். "சிஸ்டர், சாங்ஷன் ஆயிருச்சு!" முகமெல்லாம் சந்தோஷம். அவர் எடுத்து நீட்டிய தாளில், என் முதல் கடிதத்தைக் குறிப்பிட்டு, மேற்படி நோயாளியின் மேற்படி தோல், பாட்டில் ஒன்று மட்டும், குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது என்றிருந்தது. மேற்படி பொருளின் தற்போதைய நிலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும்.

"லிஸ்டுல சேத்துரலாமா?" என்று கேட்டார். சேர்த்தார். ரூல் தடியை வைத்து, இன்சுலினுக்கு அடியில், கோணாமல் எழுதினார்.

சாயங்காலம் பஸ் கூட்டமாக இருந்தது. தேர் பார்க்க வந்தவர்கள் இன்னும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள் நின்றிருந்தாள், மகனை முன்னால் நிறுத்திக்கொண்டு. மேல் கம்பியை வலது கையால் பிடித்திருந்தாள். மூன்று விரல்கள் கம்பியைச் சுற்றியிருந்தன, இரண்டு அந்தரத்தில் நின்றன. என்னைப் பார்த்ததும் மகனிடம், "ஏலே, தள்ளி நில்லு, சிஸ்டருக்கு எடம் குடு" என்றாள். மதினியைப் பற்றி விசாரித்தேன். சுகமாக இருக்கிறாளாம், தளவாய்புரத்தில் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறாளாம்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதைக் கேட்க உரிமையுள்ளவள் அவள் ஒருத்திதான்.

"ஒன் தோலை ஃப்ரிட்ஜுல வச்சுக்கலாம்னு மெட்ராஸ்ல இருந்து இன்னைக்குப் பதில் வந்திருக்கு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் விளையாடுகிறேனா என்று. விளையாடவில்லை என்று தெரிந்ததும், மதினியின் குரலில், மதினியின் அதே இழுப்போடு கேட்டாள்:

"அப்பொ தோண்டி எடுத்துருவமா சிஸ்டர்?"

கண்டக்டர் வந்துவிட்டார். சில்லறை கேட்டார். அவள் இடது கையால் எடுத்துக் கொடுத்தாள்.

அந்தக் காலத்தில் ஆண்டாள் தேரை ஒரே நாளில் இழுத்து நிலைக்குக் கொண்டுவர முடியாது. வீதியில் நின்று நின்று வரும். எந்த நாள் நிலை சேரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததற்கு மறுநாள் அந்தப் பதில் வந்தது.